குழந்தைத் தள்ளுவண்டி: கோமகனின் தோட்டத்தில் இருந்து எமது வீட்டு வாசல் வரை

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இலண்டனில் வசிக்கும் எனது மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். நலம் விசாரித்து முடிந்ததும், "அப்பா, இஞ்ச கடைக்குள்ள போனா எத்தினையோ விதமான வண்டி நிக்குது. எதை எடுக்கிறதெண்டே தெரியேல்லை. நீங்கள் பேப்பர்காரர்தானே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோவன்" என்றாள்.

என் வாழ்நாளில் நான் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியை விலைக்கு வாங்கியவன் அல்லன். தெரியாத விடயத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பத்திரிகைக்காரன் செய்யக் கூடியது ஒன்றுதான். பழைய கோப்புகளைத் தேடிப் புரட்டுவது. அவ்வாறு இரண்டு வாரங்கள் புரட்டியபோது கண்டவற்றையே இங்கு பகிர்ந்து கொள்கிறேன். கடைக்காரர்கள் சொல்லாத பல சங்கதிகள் அதில் இருந்தன.

எமது ஊர்களில் குழந்தை வளர்ந்தது ஏணையிலும் இடுப்பிலும்தான். வீட்டு வளையில் தொங்கும் பழைய சேலை தொட்டிலாகியது. வெளியே போவதாயின் அம்மாவின் இடுப்பு, சற்று வளர்ந்தால் அப்பாவின் சைக்கிள் பாரில் பொருத்திய சிறு இருக்கை. சக்கரம் பூட்டிய பொருளொன்று குழந்தைக்கு இருந்ததென்றால் அது தச்சர் செய்து தந்த மூன்று சக்கர நடைவண்டி. இது பழைய வழக்கம். குதிரை பூட்டாமல் சிறுவர்கள் உருட்டித் திரிந்த மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை பேசுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதியானது சிறுதேர்ப் பருவம். எமது மரபில் குழந்தைதான் வண்டியை உருட்டியது. குழந்தையை உட்கார வைத்து வேறொருவர் தள்ளும் வண்டி பிறந்தது இங்கிலாந்தில், அதுவும் ஒரு பிரபுவின் வீட்டில்.

1733ஆம் ஆண்டளவில் டெவன்ஷயரின் மூன்றாவது கோமகன் தனது பிள்ளைகளை மகிழ்விப்பதற்கு ஒரு வண்டி செய்து தருமாறு வில்லியம் கென்ற் என்பவரைக் கேட்டுக் கொண்டார். கென்ற் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர், தோட்டங்களை வடிவமைப்பதிலும் வல்லவர். சங்கு சிப்பியின் வடிவத்தில் ஆசனம், அதனைத் தாங்கும் சட்டத்தில் கோமகனின் குடும்பச் சின்னமான பாம்பு, முன்னால் ஆட்டையோ சிறு மட்டக்குதிரையையோ பூட்டுவதற்கு ஏற்பாடு. பிரபுக்களின் பரந்த தோட்டத்தில் பிள்ளைகள் உலா வருவதற்கு அது போதுமானது. படிக்கட்டு, சேற்று வீதி, சந்தை நெரிசல் எதையும் அந்த வண்டி சந்திக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு குடும்பத்தின் தேவைக்கென்று ஒரு வண்டி. நான் படித்த வரலாறு முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம் என்பது போகப் போகத் தெரிந்தது.

ஒரு நூற்றாண்டின் பின்னர், 1830களில், அமெரிக்காவில் பெஞ்சமின் பொட்டர் கிராண்டல் என்ற விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் குழந்தை வண்டிகளைச் செய்து விற்றார். அவரது மகன் ஜெஸி கிராண்டல் தடுப்பான், மடிக்கும் ஏற்பாடு, குடை பொருத்தும் தண்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். எனினும் அக்காலத்து வண்டிகள் பெரும்பாலும் முன்னால் நின்று இழுப்பவை. இழுப்பவருக்குப் பின்னால் குழந்தைக்கு என்ன நேர்ந்தாலும் தெரியாது. வண்டியைப் பின்னால் நின்று தள்ளினால் என்ன என்று யோசித்தவர்களுள் முக்கியமானவர் சார்ள்ஸ் பேர்ட்டன். நியூயோர்க்கில் அவரது வண்டிகளைத் தள்ளிச் சென்றவர்கள் பாதசாரிகள் மீது மோதியதால் முறைப்பாடுகள் எழுந்தன. அவர் இங்கிலாந்துக்குச் சென்று 1850களின் தொடக்கத்தில் அங்கு கடை திறந்தார். அங்கே அவருக்கு நல்ல காலம் காத்திருந்தது. விக்டோரியா மகாராணியும் தள்ளுவண்டி வாங்கியவர் என்பதால் அரண்மனை வாங்கியதை அயலும் வாங்கியது. 'பெரம்புலேற்றர்' என்ற நீண்ட பெயர் சுருங்கிப் 'பிராம்' ஆனது.

ஆயினும் அந்த வண்டியைத் தள்ளியவர் தாய் அல்லர், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட செவிலிப் பெண். 1877இல் லீட்ஸ் நகரில் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் குரொஸ் போன்ற நிறுவனங்கள் உயர்ந்த சக்கரமும் வளைந்த வில்லும் கொண்ட பெரிய பிராம்களைச் செய்தன. மாடிப்படியில் அதை யார் தூக்குவார் என்ற கேள்வி எழவில்லை. தூக்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

பிரித்தானியர் ஆண்ட எமது நாட்டிலும் அதே காட்சிதான். 1856இல் தொடங்கி 1859இல் நிறைவுற்ற காலிமுகத்திடல் நடைபாதையில் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் பதித்த கல் இன்றும் இருக்கின்றது. கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதி அந்தப் பாதையைப் பேணுமாறு தமக்குப் பின் வரும் ஆளுநர்களிடம் அவர் அதில் பரிந்துரைத்திருக்கிறார். வண்டி வாங்குவதற்கு முன்னர் அதை உருட்டுவதற்குப் பாதை வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்து மணல் ஒழுங்கைகளில் பிராம்கள் ஏன் ஓடவில்லை என்பதற்கும் இதுவே விடை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த மனிதரின் கதைக்கு வருகிறேன். 1889 ஜூன் 18ஆம் திகதி அமெரிக்காவின் பல்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் எச். ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினத்தவருக்குக் குழந்தை வண்டிக்கான காப்புரிமம் வழங்கப்பட்டது. அவரது மேரிலாந்து மாநிலத்தில் அடிமை முறை ஒழிந்து அப்போது 25 ஆண்டுகளே ஆகியிருந்தன. ரிச்சர்ட்சன் செய்தது சிறிய மாற்றம்தான். வண்டியின் தொட்டிலைத் திருப்பி வைக்கக் கூடியவாறு ஒரு பொருத்தை அமைத்தார். குழந்தை வீதியைப் பார்க்கலாம், விரும்பினால் தள்ளுபவரின் முகத்தைப் பார்க்கலாம்.

இதன் பெறுமதியைப் புரிந்துகொள்ள 2008ஆம் ஆண்டுக்கு வர வேண்டும். ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சுசான் சீடிக், பிரித்தானிய வீதிகளில் 2,700க்கும் மேற்பட்ட பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து செல்வதை அவதானித்த ஆய்வொன்றை வெளியிட்டார். குழந்தை வெளிப்புறம் பார்த்திருக்கும் வண்டிகளே அதிகம். குழந்தை தங்கள் முகம் பார்த்து இருக்கும்போது பெற்றோர் ஏறத்தாழ இரு மடங்கு பேசினார்கள். 20 குழந்தைகளைக் கொண்டு நடத்திய சிறு பரிசோதனையில், முகம் பார்த்த நிலையில் குழந்தைகளின் இதயத் துடிப்புச் சற்றுக் குறைந்தது, உறக்கமும் கூடுதலாக வந்தது. 20 குழந்தைகள் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஏணையை ஆட்டியபடி கதை சொன்ன எமது பாட்டிமாருக்கு இதை யாரும் எண்ணிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

குழந்தைகள் ஏன் வெளிப்புறம் பார்க்கத் தொடங்கின? அதற்கும் காரணம் ஒரு குடும்பத்தின் தேவைதான். ஓவன் மக்லாரன் ஒரு விமானப் பொறியியலாளர். இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ்பெற்ற ஸ்பிற்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கரத் தொகுதியை வடிவமைத்தவர்களில் ஒருவர். ஓய்வு பெற்றிருந்த அவர், வெளிநாட்டில் இருந்து வந்த மகள் பேத்தியின் பாரமான வண்டியோடு படும் அவதியைக் கண்டார். வானில் ஏறியதும் சக்கரங்களை மடித்து இறக்கைக்குள் வைக்கும் வித்தை தெரிந்த மனிதருக்கு ஒரு பிராமை மடிப்பது பெரிய காரியமா? இலேசான அலுமினியக் குழாய்களைக் கொண்டு, குடையைப் போல் மடியும் வண்டியொன்றைச் செய்து 1965இல் காப்புரிமத்துக்கு விண்ணப்பித்தார். நிறை 3 கிலோவுக்கும் குறைவு. 1967இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடித்த வண்டி என்று தாய்மார் பஸ்ஸிலும் ரயிலிலும் விமானத்திலும் ஏறினார்கள். பணிப்பெண் இல்லாத குடும்பங்களுக்கு அது விடுதலை. ஆனால் மிக எளிதாக மடிய வேண்டிய வண்டியில் ஆசனத்தைத் திருப்பும் வசதிக்கு இடமிருக்கவில்லை. குழந்தையின் முகம் வீதியை நோக்கித் திரும்பியது.

மடிப்புக்கு வேறொரு விலையும் இருந்தது. 2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 10 இலட்சம் மக்லாரன் வண்டிகளுக்கு மீளழைப்பு அறிவிக்கப்பட்டது. மடிப்பு மூட்டில் அகப்பட்டுக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. மூட்டுகளை மூடும் உறைகள் அதன் பின்னரே வழங்கப்பட்டன. வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை எட்ட நிற்க வேண்டும் என்பதை மகளுக்கு எழுதிய முதல் குறிப்பாக வைத்துக்கொண்டேன்.

பத்திரிகையாளர்களுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பதைக் கண்டபோது மகிழ்ச்சி. வொஷிங்டன் மாநிலத்தின் யக்கிமா என்ற ஊரில் செய்தித்தாளில் பணியாற்றிய ஃபில் பேக்லர் ஓட்டப் பயிற்சியில் விருப்பமுள்ளவர். வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் மகனைப் பார்ப்பதா, ஓடுவதா? பத்திரிகைத் தொழிலில் உள்ள எவருக்கும் இந்தச் சிக்கல் புரியும். அவர் வண்டியொன்றில் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டி, மகனை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினார். 1984இல் அது ஒரு வர்த்தகமாகியது. இன்று மூன்று பெரிய சக்கரங்களோடு ஓடுபவர்கள் தள்ளும் வண்டிகளுக்கு அதுவே முன்னோடி. ஆயினும் கழுத்து உறுதியாகாத சிசுவோடு ஓடக்கூடாது. குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதமாவது ஆக வேண்டும் என்பது பொதுவான அறிவுரை.

1994இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரி மாணவர் மக்ஸ் பாரன்புருக் தனது பட்டப்படிப்புக்காக வரைந்த வண்டி, 1999இல் 'பகபூ' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ரிச்சர்ட்சனைப் போல ஆசனத்தைத் திருப்பலாம், நகரத்திலும் காட்டுப் பாதையிலும் ஓட்டலாம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றில் 2002இல் தோன்றியதும் அதன் பெயர் உலகெங்கும் பரவியது. அன்று முதல் வண்டி மீண்டும் அந்தஸ்தின் அடையாளமாகியது. கோமகனின் சிப்பி வண்டி 270 ஆண்டுகளின் பின்னர் வேறு வேடத்தில் திரும்பி வந்தது என்றால் மிகையாகாது.

ஓர் ஊருக்குப் பொருந்துவது மற்றோர் ஊருக்குப் பொருந்தாது. டென்மார்க்கில் குழந்தையைப் பிராமில் உறங்க வைத்து உணவகத்துக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போவது சாதாரண வழக்கம். 1997இல் டென்மார்க் தாயொருவர் நியூயோர்க்கில் அவ்வாறு செய்தபோது பொலிஸார் அவரைக் கைது செய்து, குழந்தையையும் சில நாட்கள் பிரித்து வைத்தார்கள். வண்டி ஒன்றுதான். வீதி வேறு.

மகள் வசிக்கும் பிரித்தானியாவில் நடந்த ஒரு வழக்கு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 2012 பெப்ரவரியில் சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவர் லீட்ஸ் நகருக்குப் போகும் பஸ்ஸில் ஏற முனைந்தார். சக்கர நாற்காலிக்குரிய இடத்தில் ஒரு தாய், உறங்கும் குழந்தையோடு தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தார். சாரதி கேட்டும் வண்டி மடியாது என்று கூறி அவர் நகர மறுத்தார். அந்த மனிதர் அடுத்த பஸ்ஸில் சென்று, பெற்றோரைப் பார்க்கப் போகும் ரயிலைத் தவறவிட்டார். வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. கேட்டுப் பார்த்துவிட்டுச் சாரதி பேசாமல் இருந்துவிட முடியாது, இடம் பெற்றுக் கொடுப்பதற்கு மேலும் முயல வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அந்தத் தாய் மீது எனக்குக் கோபம் வரவில்லை. உறங்கும் குழந்தையை எழுப்புவதன் கஷ்டம் அறியாதவர்கள் யார்? ஆனால் இன்று தள்ளுவண்டிகள் ஏறி இறங்கும் நடைபாதைச் சரிவுகள் பலவும் சக்கர நாற்காலிக்காரர்கள் பல்லாண்டுகள் போராடிப் பெற்றவை. அவர்களுக்குரிய இடத்தில் நாம் விருந்தாளிகள். மடிக்கக்கூடிய வண்டியை வாங்குவது வசதிக்காக மாத்திரம் அல்ல.

இதுவரை சொன்னவை அமைதிக் காலக் கதைகள். தள்ளுவண்டிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1940இல் ஜேர்மன் படைகள் நெருங்கியபோது பிரான்ஸின் வீதிகளில் இலட்சக்கணக்கானோர் தெற்கு நோக்கிச் சென்றனர். அப்போது எடுக்கப்பட்ட புகைப்படங்களில், மூட்டை முடிச்சுகளை ஏற்றிய பிராம்களைக் காணலாம். 2022 மார்ச்சில் உக்ரேனியத் தாய்மார் குழந்தைகளைச் சுமந்தபடி எல்லை கடந்து வந்தபோது, போலந்தின் பிஷெமிஷில் ரயில் நிலைய மேடையில் வெறும் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. முன்பின் அறியாத தாய்மாருக்காக அந்நாட்டுத் தாய்மார் விட்டுச் சென்றவை அவை. அதே மாதத்தில் உக்ரேனின் லிவிவ் நகரச் சதுக்கத்தில் 109 வெறும் வண்டிகளை நிறுத்தி வைத்தார்கள். அதுவரை யுத்தத்தில் கொல்லப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கு எமது இடப்பெயர்வு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறுமாறு ஒலிபெருக்கிகள் அறிவித்த நாள். இன்று தள்ளுவண்டி பற்றிக் கேட்கும் மகளுக்கு அப்போது எட்டு மாதம். மனைவி சேலையால் அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். நான் சைக்கிளில் இரண்டு பைகளையும் மாமியையும் வைத்து உருட்டினேன். செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலம் வரைக்கும் நின்று நின்று நகர்ந்தோம். இரவில் மழை. சில மைல் தூரத்தைக் கடக்க விடிந்துவிட்டது. அந்த நெரிசலில் ஒரேயொரு பிராம் வண்டியைக் கண்டேன். வெளிநாட்டு உறவினர் யாரோ அனுப்பியதாக இருக்க வேண்டும். அதனுள் குழந்தை இருக்கவில்லை. அரிசி மூட்டையும் ஒரு கிடாரமும் இருந்தன. குழந்தை தாயின் இடுப்பில். சக்கரம் சேற்றில் புதைந்தபோது, அந்தத் தகப்பன் அரிசியைத் தோளில் தூக்கிக்கொண்டு பிராமைத் தெருவோரம் விட்டுவிட்டு நடந்தார். அந்த இடப்பெயர்வைப் பற்றிப் பிற்பாடு பல செய்திகள் எழுதினேன். எத்தனை குடும்பங்கள், எந்தெந்தப் பாடசாலைகள், எவ்வளவு நிவாரணம் என்று. அந்தப் பிராமைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அது செய்தி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கதையை மகளுக்குச் சொல்லவில்லை. கேட்டது வண்டியைப் பற்றி என்பதால், வண்டியைப் பற்றி மட்டும் எழுதினேன். கடையில் போய் வண்டியைப் பார்க்காதே, முதலில் உன் வீட்டைப் பார் என்றேன். எத்தனை படிகள், கதவின் அகலம் எவ்வளவு, பஸ்ஸா காரா, யார் அதிகம் தள்ளப் போகிறார்கள் என்று எழுதி வை. அவள் இருப்பது மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. ஆகவே ஒரு கையில் குழந்தையோடு மறு கையால் தூக்கக்கூடிய நிறை. குழந்தை தானாக உட்காரும் வரை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரை, மட்டமாகப் படுக்க வைக்கக்கூடிய ஆசனம். முதல் ஆண்டிலாவது முகம் பார்த்து இருக்கும் வசதி. தோள், இடை, கால் இடுக்கு என ஐந்து புள்ளிப் பட்டி. காலால் மிதித்ததும் பிடிக்கும் தடுப்பான். கைபிடியில் கடைப் பைகளைத் தொங்க விட்டால் வண்டி பின்புறம் கவிழும், ஆகவே பை வைக்கக் கீழே கூடை. வெயிலுக்குத் துணியால் வண்டியை மூடாதே. 2014இல் சுவீடனின் ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் நாளிதழ் அளந்து பார்த்தபோது, மூடாத வண்டிக்குள் 22 பாகையாக இருந்த வெப்பம், மெல்லிய துணியால் மூடி அரை மணி நேரத்தில் 34 பாகைக்கு ஏறியது. விலையுயர்ந்தது எல்லாம் உனக்கு உரியது அல்ல. கோமகனின் வண்டி கோமகனின் தோட்டத்துக்கு.

அவள் சிறிய வண்டியொன்றையே தெரிவு செய்தாள். மடியும், ஆசனம் திரும்பும். புதிதல்ல, அதே தெருவில் வசிக்கும் ஒரு பெண் பாவித்துக் கொடுத்தது. தடுப்பானையும் பட்டியையும் மருமகன் சோதித்துப் பார்த்தாராம்.

பேரன் பிறந்து இப்போது ஐந்து வாரம். அடுத்த மாதம் நாங்கள் இருவரும் இலண்டன் செல்லவிருக்கிறோம். பயணப் பெட்டியில் மனைவி எதையெதையோ அடுக்குகின்றாள். மிளகாய்த்தூள், சரக்குத்தூள், ஒடியல் என்று நீளும் பட்டியலில் நேற்று ஒரு பழைய பருத்திச் சேலையையும் கண்டேன். ஏணை கட்ட இலண்டன் வீட்டில் வளை ஏது என்று கேட்டேன். "பிள்ளை வண்டிக்குள்ள விரிக்கலாம்தானே" என்றாள்.